ஓடையை ஒட்டிய நிலத்தில் உழவும் நாட்டு மீன்களும்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி
பதிந்தவர்: கரைவயல்

எங்கள் நிலத்தின் ஓர் எல்லை நெடுக ஓடை செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீரோட்டம் இருக்கும். கோடையில் ஓட்டம் நின்று, வளைவுகளில் உள்ள சில மடுக்களில் மட்டும் நீர் தங்கும். தாழ்ந்த பகுதியில் நெல்லும் மேட்டுப் பகுதியில் காய்கறிகளும் பயிரிடுகிறோம். மாடுகள் ஓடையில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கின்றன. வயலின் மிகுநீர் இரண்டு வடிகால்கள் வழியாக ஓடையில் விழுகிறது. விரால், கெளுத்தி, அயிரை, ஆரல் ஆகியவை அதில் தாராளமாக இருந்தன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது கண்ணில் படுபவை பெரும்பாலும் ஜிலேபியும் கொசுமீனும்தான்.

விளைச்சலைக் கைவிடாமல், ஓடையில் நாட்டு மீன்கள் மீண்டும் பிழைக்கும்படி நிலத்தை நடத்த விரும்புகிறேன். கேட்ட இடங்களில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மீன்குஞ்சுகளை வாங்கி விடு என்கிறார் ஒருவர். இயந்திரம் வைத்து ஓடையை ஆழமாகவும் நேராகவும் வெட்டிவிடு என்கிறார் இன்னொருவர். குறுக்கே சிறு தடுப்பணை கட்டினால் கோடையிலும் நீர் நிற்கும் என்பது மூன்றாமவரின் கருத்து. கரை முழுவதும் மரம் நட்டால் போதும் என்பாரும் உண்டு. இவற்றில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதைக் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1
பதிந்தவர்: நீர்வழி

குஞ்சு வாங்கி விடும் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மீன்கள் எதனால் குறைந்தனவோ அந்தக் காரணம் அப்படியே இருக்கும்போது, புதிதாக விடும் குஞ்சுகளுக்கும் அதே கதிதான் நேரும். அத்துடன், பண்ணைகளிலிருந்து வரும் குஞ்சுகளோடு வேண்டாத இனங்களும் நோய்களும் சேர்ந்து வருவதுண்டு. இன்று உங்கள் ஓடையில் இருக்கும் கொசுமீனே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான்: வட அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீனைக் கொசுவை ஒழிக்கும் என்று நம்பிப் பல நாடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்; அது கொசுப்புழுவோடு நிற்காமல் நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியது.

தடுப்பணையும் எனக்கு உடன்பாடில்லை. அணைக்குப் பின்னால் தேங்கி வெதுவெதுப்பாகும் நீர் ஜிலேபிக்கும் கொசுமீனுக்கும் மிகவும் உகந்தது. ஓடும் நீரை நம்பி வாழும் மீன்களுக்கு அது உதவாது. மேலும், முழங்கால் உயர அணை கூடச் சிறு மீன்களுக்கு ஏற முடியாத சுவராகிவிடும். கோடையில் உயிர்களைக் காப்பாற்றுபவை ஏற்கெனவே இருக்கும் மடுக்கள்தான். அவற்றிலிருந்து மோட்டார் வைத்து நீர் இறைப்பதை நிறுத்தினாலே தடுப்பணை தருவதாகச் சொல்லப்படும் பயனில் பெரும்பகுதி செலவில்லாமல் கிடைத்துவிடும். மற்றக் காலங்களில் ஓடையிலிருந்து இறைக்க நேர்ந்தால், உறிஞ்சு குழாயின் முனையில் நுண்ணிய கண்ணுள்ள வலைக்கூண்டைப் பொருத்துங்கள். கூண்டின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். பரப்பு பெருகப் பெருக ஒவ்வோர் இடத்திலும் இழுப்பு குறையும், குஞ்சுகள் நீந்தித் தப்பிக்கும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் இரண்டு வடிகால்களின் வாயை. நாட்டு மீன்களில் பலவற்றுக்கு ஓடை என்பது வாழ்விடத்தின் பாதிதான். புதுவெள்ளம் வந்ததும் அவை ஆழமான நீரைவிட்டு, வெள்ளம் பரவிய தாழ்நிலங்களுக்கு ஏறி முட்டையிடுகின்றன; அங்கே நீர் ஆழமற்றது, வெதுவெதுப்பானது, மிதவை உயிரிகள் நிறைந்தது, பெரிய மீன்கள் குறைவானது. குஞ்சுகள் அங்கே வளர்ந்து, நீர் வடியும்போது ஓடைக்குத் திரும்புகின்றன. வெள்ளச் சமவெளிகள் வயல்களான பிறகு நெல்வயல் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. வடிகாலை ஆழப்படுத்தி, வயலுக்கும் அதற்கும் இடையே செங்குத்தான இறக்கத்தை உண்டாக்கியபோது அந்த வழியும் அடைபட்டது.

ஜப்பானில் பிவா ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் இதுதான் நடந்தது. நிலச் சீரமைப்பின்போது வடிகால்கள் ஆழமாக்கப்பட்டதால், ஏரியிலிருந்து வயலுக்கு ஏறி முட்டையிட்ட மீன்கள் ஏற முடியாமல் போயின. பின்னர் ஷிகா மாகாணத்தில், வடிகாலுக்குள் பலகைகளைக் குறுக்கே பொருத்தி நீர்மட்டத்தைச் சிறு சிறு படிகளாக உயர்த்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். மீன்கள் ஒவ்வொரு படியாகத் தாண்டி வயலுக்குள் வருகின்றன. அத்தகைய வயல்களுக்கு ‘மீன்களின் தொட்டில்’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். பலகையும் சில மணல் மூட்டைகளும் இருந்தால் செய்யக்கூடிய வேலை இது.

ஓடையைக் கடக்க எங்காவது குழாய்ப் பாலம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். குழாயின் கீழ்முனை ஓடைத் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு, நீர் அதிலிருந்து அருவியாக விழுந்தால், மீன்களுக்கு அந்த இடத்தோடு ஓடை முடிந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும்போது ஓடையின் அகலத்துக்குக் குறையாத குழாயைத் தேர்ந்து, அதன் அடிப்பகுதியை ஓடைத் தரைக்குக் கீழே புதைத்து, உள்ளே இயல்பான மணலும் சரளையும் படியவிடுங்கள். உடனே மாற்ற இயலாவிட்டால், விழும் இடத்தில் கற்களைச் சரிவாக அடுக்கி நீர்மட்டத்தைக் குழாயின் வாய்வரை உயர்த்தலாம்.

பதில் 2
பதிந்தவர்: வரப்போரம்

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். வழியைத் திறப்பதோடு, அந்த வழியாக வரும் மீனுக்கு நல்ல நீர் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் கரையோரத்தைப் பொறுத்தது.

மரம் நடுவதற்கு முன் மாடுகளைக் கரையிலிருந்து விலக்குங்கள். மாடு இறங்கும் இடத்தில் கரை இடிந்து, மண் ஓடைத் தரையில் படிகிறது. சரளைக்கும் மணலுக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் வாழும் நீர்ப்பூச்சிகளும், அங்கே ஒட்டியிருக்கும் மீன்முட்டைகளும் அந்த வண்டலில் மூச்சுத் திணறி அழிகின்றன. அயிரை போன்ற தரைவாழ் மீன்களுக்கு இது நேரடி இழப்பு. நியூசிலாந்து 2020இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு மீட்டருக்கு மேல் அகலமான ஆறு, ஓடைகளிலிருந்து பால்மாடுகள் விலக்கப்பட வேண்டும். புதிதாக இடும் வேலி கரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டால் மாடுகள் அதற்குப் பழகிவிடும். தூய நீர் கிடைப்பதால் அவற்றுக்கும் நன்மைதான்.

வேலிக்கும் ஓடைக்கும் நடுவில் பயிரிடாமல் விடும் நிலப்பட்டையின் அகலம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஓடையின் உயிர்ச்சூழலை முழுமையாகக் காக்க ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் நிறைந்த நிலப்பட்டை தேவை என்று 2014இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு கூறியது. சிறு உழவர் எவராலும் அவ்வளவு விட முடியாது என்பதை அறிவேன். ஆனால் பட்டை எங்கும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெருமழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். மழைநீர் நிலம் முழுவதும் சமமாகப் பரவி ஓடையில் சேர்வதில்லை. இரண்டு மூன்று தாழ்வான இடங்களில் கூடி, அங்கே மட்டும் கலங்கலாக இறங்குகிறது. அந்த வாய்களில் பட்டையை அகலமாக்கி அடர்ந்த புல்லும் கோரையும் வளரவிட்டு, மற்ற இடங்களில் குறுக்கிக்கொள்ளலாம். அந்தத் தாழ்விடங்கள் எப்படியும் நீர் தேங்கி விளைச்சல் குறையும் இடங்களாகவே இருக்கும். இழப்பு என்று அஞ்சுவதில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

பட்டை எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. உரச்சத்துகளில் பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு நிலத்தின் மேலே ஓடும் நீரில் வருவதால் புற்பட்டை அதைத் தடுத்துவிடும். நைட்ரேட் அப்படியல்ல, அது நீரில் கரைந்து, மண்ணுக்கு அடியில் ஊர்ந்து வருகிறது. ஈரமும் மட்கும் நிறைந்த வேர்ப்பகுதி வழியாகக் கடந்தால்தான் நுண்ணுயிர்கள் அதை வளிநைட்ரஜனாக மாற்றி வெளியேற்றும். வயலின் நீரைக் குழாய் வழியாகவோ வெட்டிய வாய்க்கால் வழியாகவோ நேரே ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினால், பட்டை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. நீர் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே உங்கள் இரண்டு வடிகால்களும் ஓடையைச் சேருமுன், கோரை வளர்ந்த ஆழமற்ற ஒரு பள்ளத்தில் பரவி நின்று போகும்படி செய்யுங்கள். நண்பர் நீர்வழி சொன்ன படிகளை அந்தப் பள்ளத்தின் வாயிலேயே அமைத்துவிட்டால் இரண்டு வேலைகளும் ஒன்றாக முடியும்.

நிழலைப் பற்றி ஒன்று. 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் கூடும்போது மீனின் ஆக்சிஜன் தேவையோ உயர்கிறது. கோடை மடுக்களின் மேல் கிளை கவிந்திருந்தால் நீர் அந்த அளவுக்குச் சூடேறாது, பாசியும் அளவோடு நிற்கும். எனவே மரம் நட ஆட்கள் குறைவு என்றால், மடுக்களுக்கு வெயில் விழும் பக்கத்தில் முதலில் நடுங்கள். இன்னொன்று: விரால் தென்படுவதை வைத்து நீர் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன்; மற்றவை மடியும் நீரிலும் அது தாக்குப்பிடிக்கும்.

பதில் 3
பதிந்தவர்: இலைச்சுருள்

பயிர்ப் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில், மருந்துகளைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மனிதர்க்கும் கால்நடைக்கும் நஞ்சு குறைந்தது என்று சொல்லி விற்கப்படும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் கலந்தாலே பல மீன் இனங்கள் மடிகின்றன. அவை மண்துகளில் இறுகப் பற்றிக்கொள்பவை என்பதால், மண் அரிப்பைத் தடுப்பது அவற்றையும் தடுப்பதாகும். நியோனிகோட்டினாய்டு வகை வேறு விதமாகக் கெடுக்கிறது. அது மீனை நேரடியாகக் கொல்வது குறைவு. ஆனால் மீனின் இரையான நீர்ப்பூச்சிகளையும் மிதவை உயிரிகளையும் அழிக்கிறது. ஜப்பானின் ஷின்ஜி ஏரியைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, சுற்றுவட்ட வயல்களில் 1993இல் அந்த மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்ததையும், ஏரியின் மிதவை உயிரிகள் சரிந்ததையும், ஸ்மெல்ட் மீன்பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக வீழ்ந்ததையும் தொடர்புபடுத்தியது. மீன் செத்து மிதக்கவில்லை என்பதால் மருந்து தீங்கற்றது என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

தாவரத்திலிருந்து எடுத்தது என்றால் தீங்கில்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. தேயிலைவிதைப் பிண்ணாக்கிலுள்ள சபோனினும், சில அவரைக் குடும்பச் செடிகளின் வேரிலுள்ள ரோட்டினோனும் குளத்து மீன்களைக் கொல்வதற்கென்றே பயன்படுபவை. வயல் நத்தைக்காக இட்ட பிண்ணாக்கின் நீர் வடிகாலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் தாமிர மருந்துகளும் மீனுக்கு ஆகாதவை.

மருந்தோ யூரியாவோ இட்டபின் வடிகாலை அடைத்து, உறையில் குறிப்பிட்டுள்ள காலம் வரையிலாவது நீரை வயலிலேயே நிறுத்துங்கள். மழை வரும் அறிகுறி இருந்தால் இடுவதையே தள்ளிப்போடுங்கள். யூரியா நீரில் அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவின் நஞ்சு, நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட வலுக்கும். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் இரண்டும் ஒருசேரக் கூடும். தெளிப்பான்களை ஓடையில் கழுவும் வழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடலாம்; ஒரு பருவம் முழுவதும் காத்த கவனத்தை ஒரு தெளிப்பானின் கழுவுநீர் கெடுத்துவிடும்.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஒரு சான்று. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் நெல்வயலிலேயே மீன் வளர்க்கும் மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், மீன் உள்ள வயல்கள் தனி நெல்வயல்களுக்கு இணையான விளைச்சலைத் தந்தபோதிலும், அவற்றுக்குப் பூச்சிமருந்து 68 விழுக்காடும் இரசாயன உரம் 24 விழுக்காடும் குறைவாகவே தேவைப்பட்டன. அங்கே இருப்பது வளர்ப்புக் கெண்டை. உங்கள் நோக்கம் தாமே வந்து போகும் நாட்டு மீன்கள். எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும், நீரில் மீன் இருப்பதும் நெல் விளைவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது போதும்.

பதில் 4
பதிந்தவர்: மேலோடை

எல்லோரும் நல்லதையே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நீர் ஒருவர் எல்லையோடு நிற்பதில்லை. மேலே உள்ள நிலங்களிலிருந்து மண்ணும் மருந்தும் வந்துகொண்டே இருக்கும்போது, கீழே ஒருவர் மட்டும் 3 மீட்டர் பட்டை விட்டு என்ன பயன்? கீழே யாரோ கட்டிய தடுப்பு இருந்தால், இவர் படி வைத்தாலும் மீன் எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றில் கடலிலிருந்து ஹியூம் அணை வரையிலான 2,225 கிலோமீட்டர் தொலைவுக்கு, வரிசையாக எல்லாத் தடுப்புகளிலும், மீன்கள் தடுப்பைத் தாண்டிச் செல்வதற்கான மீன்வழி அமைக்க வேண்டியிருந்தது. ஒன்றிரண்டை விட்டிருந்தால் மற்றவற்றுக்கு இட்ட பணம் வீண். முதலில் ஓடையை நெடுகிலும் நடந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தாரோடு பேசிய பின்பே கையிலுள்ள பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 5
பதிந்தவர்: கரைவயல்

அனைவருக்கும் நன்றி. மேலோடை சொல்வதுபோல் ஓடையை நடந்து பார்க்கிறேன். ஆனால் இரண்டு காரியங்கள் காத்திருக்காது.

முதலாவது, பாசனத்தைச் சிக்கனப்படுத்தவும் பயிர் நன்கு தூர்கட்டவும் வயலை இடையில் காயவிடுகிறோம். மீன்கள் ஏறி வந்து குஞ்சு பொரித்த நேரத்தில் வயலைக் காயவிட்டால், வலிய அழைத்து வந்து கொன்றதாக ஆகாதா? இரண்டாவது, அடுத்த வெள்ளத்துக்கு முன் ஓடையைத் தூர்வார எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். தாழ்நிலங்களில் வெள்ளம் தேங்குவதால் அதை மறுக்கவும் முடியாது. சேதம் குறையும்படி எப்படிச் செய்யச் சொல்லலாம்?

பதில் 6
பதிந்தவர்: நீர்வழி

முதலில் மேலோடைக்கு: ஓடையை நடந்து பார்ப்பது தேவையே. ஆனால் மரேயில் பெருந்தொலைவு பயணம் செய்யும் மீன்களும் உண்டு. வயல் மீன்களில் பலவற்றுக்குச் சில நூறு மீட்டரே போதும். கோடை மடுவில் தப்பிப் பிழைத்த சில சோடிகள் அருகிலுள்ள வயலுக்கு ஏறி இறங்க முடிந்தால், அந்தத் துண்டு ஓடையில் அவை பெருகும். மேலிருந்து வரும் மருந்தை இவரால் தடுக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காக இவர் வயலின் வடிகாலை இப்படியே விட்டுவைக்க வேண்டியதில்லை.

வயலைக் காயவிடுவது பற்றிய ஐயம் சரியானது. வழியைத் திறந்துவிட்டு நீர் நிர்வாகத்தை மாற்றாவிட்டால் வயல் ஒரு பொறியாகிவிடும். இதற்கு மூன்று ஏற்பாடுகள் கைகொடுக்கும். வடிகால் வாயை ஒட்டி வயலின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு பள்ளம் தோண்டி, வயலின் ஓரமாக ஒரு சிறு வாய்க்காலால் அதை இணைத்துவிடுங்கள். நீர் இறங்கும்போது குஞ்சுகள் வாய்க்கால் வழியே பள்ளத்துக்குச் சேரும். நீரை ஒரே நாளில் வடிக்காமல், பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்ல இறக்குங்கள். வயலை முதல் முறை காயவிடுவதைப் பயிர் தாங்கும் அளவுக்குச் சற்றுப் பிந்திச் செய்யுங்கள். ஜப்பானின் தோயோக்காவில் 2005 முதல் நாரைகளை மீண்டும் இயற்கையில் விட்டபோது, அவற்றுக்கு இரை வேண்டும் என்பதற்காக உழவர்கள் இதைச் செய்தார்கள்: தலைப்பிரட்டைகள் தவளையாகும் வரை வயலைக் காயவிடுவதைத் தள்ளிவைத்தார்கள்.

தூர்வாருவதில் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை இவை. ஓடையின் முழு அகலத்தையும் ஒரே ஆண்டில் வழிக்க வேண்டாம். இந்த ஆண்டு ஒரு பக்கமும் அடுத்து வாரும்போது மறுபக்கமும் என்று மாற்றிக்கொண்டால், வாராத பக்கத்திலிருந்து செடியும் பூச்சியும் மீனும் மறுபக்கம் பரவும். மடுக்களையும் வளைவுகளையும் தொடவே கூடாது. வளைவை நேராக்கினால் நீர் வேகமாக ஓடிக் கீழே உள்ளவரின் கரையை அரிக்கும். அமெரிக்காவின் கிசிமி ஆற்றை 1960களில் நேர்க் கால்வாயாக வெட்டிவிட்டு, பல பத்தாண்டுகள் கழித்துப் பெரும் செலவில் அதன் ஒரு பகுதியை மீண்டும் வளைய வைத்தார்கள். வெள்ளநீர் போக இடம்தான் வேண்டும் என்றால், ஆழமாக வெட்டுவதற்குப் பதிலாக உங்கள் பக்கக் கரையை ஒரு படிக்கட்டுபோல் அகலமாக வெட்டித் தாழ்த்தச் சொல்லுங்கள். சாதாரண நாளில் நீர் நடுவில் ஒடுங்கி ஓடும். வெள்ளத்தின்போது அந்தப் படியின் மேல் பரவும். இதற்குக் கொஞ்சம் நிலம் போகும் என்பதை மறைக்கவில்லை. நண்பர் வரப்போரம் சொன்ன பட்டைக்கு ஒதுக்கும் நிலத்தையே இதற்குக் கொடுக்கலாம்.

வாரிய செடிகளையும் சேற்றையும் கரையின் விளிம்பில் ஒரு நாள் வைத்திருந்தால், அதில் சிக்கிய ஆரல், நத்தை போன்றவற்றில் பலவும் தாமே நீருக்குத் திரும்பும். ஆட்களும் பொறுக்கி விடலாம். பிறகு அதை அங்கேயே விடாமல் வயலுக்கு எடுத்துச் செல்லுங்கள். அழுகி ஓடைக்குத் திரும்ப வேண்டிய சத்து உங்கள் காய்கறிப் பாத்திக்கு உரமாகும். மீன்கள் முட்டையிடும் புதுவெள்ளக் காலத்தில் வேலை நடக்கக் கூடாது. நீர் வற்றி மடுக்களில் மட்டும் மீன்கள் ஒடுங்கியிருக்கும் காலத்தில் இயந்திரம் மடுப்பக்கம் போகக் கூடாது.

நீரில் கிடக்கும் மரக்கட்டைகளைக் குப்பை என்று எண்ணி எடுத்துவிடுவார்கள். ஓட்டத்தை முழுவதும் அடைப்பவற்றைத் தவிர மற்றவற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். மரே காட் என்ற மீன் பொந்துள்ள கட்டைகளுக்குள் முட்டையிடுவது. படகுப் போக்குவரத்துக்காக மரே ஆற்றிலிருந்து அகற்றிய கட்டைகளின் இடத்தில், இப்போது ஹியூம் ஏரிக்குக் கீழே ஆயிரக்கணக்கில் மீண்டும் கட்டைகளை இட்டிருக்கிறார்கள். உங்கள் கெளுத்திக்கும் பகலில் ஒளிந்துகொள்ள அப்படி ஓர் இடம் வேண்டும். கட்டை கரைக்கு இணையாகச் சாய்ந்து கிடந்தால் வெள்ளத்துக்குத் தடையாகாது. புரண்டு போகாமலிருக்க அதன் அடிமுனையைக் கரைக்குள் புதைத்துவிடலாம்.

வடிகால் வாயில் பள்ளம் தோண்டுவதையும் கரையைப் படியாக வெட்டுவதையும் தூர்வாரும் இயந்திரம் வந்திருக்கும்போதே சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் வாயால் சொல்வது போதாது. தொடக்கூடாத மடுக்களையும் வளைவுகளையும் முந்தின நாளே குச்சி நட்டுத் துணி கட்டி அடையாளப்படுத்திவிட்டு, வேலை நடக்கும்போது ஒருவர் உடன் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.